கோலும் முள்ளும் அதனதன் இடத்தில்



தென்மாவட்டங்களிலிருந்து பட்டணங்களுக்கு வந்து குடியேறிய நம்மில் அநேகருடைய சமையலறையில் மாசிக் கருவாடு உண்டு. வேகவைத்து, புகையிட்டு, உலர்த்தப்பட்ட சூரை மீனே அது. இலட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காயில் இந்தச் சூரையைப் பெரும்பாலும் தூண்டிற்கோலினால் ஒவ்வொன்றாகவே பிடிக்கிறார்கள். சிறு படகொன்றில் பலர் தோளோடு தோள் நின்று கோல் வீசும் தொழில் அது. ஆகையால் கோலைத் தெரிந்தெடுப்பதும், படகில் அதற்கு இடம் ஒதுக்குவதும் அற்பக் காரியங்கள் அல்ல.

முதலாவது, கோல். வழக்கமாய் இது மூங்கிலால் ஆனது. அடிப்பகுதி உறுதியாயும், நுனி மெலிந்து வளையத்தக்கதாயும் இருக்கவேண்டும். நரம்பைச் சுற்றியிழுக்கும் உருளை இதில் இல்லை. 2, 3 கிலோ மீனின் பாரம் முழுவதும் ஒரே வீச்சில் கோலின்மேல் விழும். ஆதலால் கணுவருகே வெடிப்புக் கண்ட கோலைக் கரையிலேயே விட்டுவிடவேண்டும். நரம்பு கோலைவிட நீளமாயிருந்தால் மீன் பின்னால் நிற்பவர்மேல் மோதும். கோலின் அளவுக்குச் சற்றுக் குறைவாயிருந்தால், மீன் தூக்கினவர் அருகிலேயே தளத்தில் விழும்.

இரண்டாவது, முள். இம்முள்ளுக்கு எதிர்க்கொக்கி கிடையாது. நரம்பு தளர்ந்தவுடன் மீன் தானே கழன்று விழும்; கையால் தொடவேண்டியதில்லை. தவறி மனிதர்மேல் தைத்தாலும் சதையைக் கிழிக்காமல் வெளியே வரும்.

மூன்றாவது, ஒழுங்கு. விடியற்காலையில் காயலில் பிடித்த சிறு மீன்கள், படகின் நடுவிலுள்ள தொட்டியில் உயிரோடு வைக்கப்படும். சூரைக் கூட்டத்தைக் கண்டவுடன் ஒருவர் அவற்றைக் கடலில் வீசுவார். நீரும் வாரி இறைக்கப்படும். கூட்டம் இரைக்காகப் பாய்ந்துவரும்போது, பின்புறத் தளத்தில் நிற்பவர்கள் கோல்களை வீசுவார்கள். கூட்டம் வெகுநேரம் நிற்காது. அந்தச் சில நிமிடங்களில் நரம்புகள் சிக்கினால் மீனும் போயிற்று, அருகில் நிற்பவருடைய கண்ணுக்கும் ஆபத்து. ஆகையால் கோல்களின் அடி ஒரே பக்கமாயும், நுனி மறுபக்கமாயும் ஓரமாய்க் கிடத்தி, முள்ளை நரம்போடு இழுத்துக் கோலிலேயே மாட்டிவைக்கவேண்டும். தொட்டிக்கும் பின்தளத்துக்கும் இடையிலுள்ள வழி வெறுமையாயிருக்கவேண்டும்.

விடுமுறையில் பிள்ளைகளோடு ஏரியிலோ உப்பங்கழியிலோ படகேறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆளுக்கொரு கோல், உபரியாய் ஒன்று, அதற்குமேல் வேண்டாம். படகு நகரும்போது முட்கள் திறந்திருக்கலாகாது. எழுந்து நின்று வீசுகிறவர் ஒருவர் மாத்திரம்; மற்றவர்கள் உட்கார்ந்திருக்கட்டும். வீசுமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள். கடைகளில் விற்கும் கார்பன் கோல்களில் மின்சாரம் பாயும். மின்கம்பிகளின் கீழே அவற்றை உயர்த்தாதீர்கள். இடிமுழக்கம் கேட்டால் கோல்களைத் தாழக் கிடத்தி, உடனே கரை சேருங்கள். உயிர்காப்பு அங்கியை அணியாமல் பெரியவரோ சிறியவரோ ஒருவரும் படகில் கால்வைக்க வேண்டாம்.