நாக்கு மேல பழி போடாதீங்க!

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. செத்தவங்க குடும்பத்துக்கு அரசாங்கம் 10 லட்சம் அறிவிச்சதும் பல பேருக்கு வயிறு எரிஞ்சது. நைனார்பாளையம் டீக்கடை பெஞ்சுல இருந்து சென்னை ஏசி ரூம் வரைக்கும் ஒரே வசனம்தான்: "தினமும் குடிக்கிறவனுக்கு ருசி மாறுனது தெரியாதா? தெரிஞ்சேதானே குடிச்சான்!"

தெரியாது சாமி. தெரிஞ்சிருக்க வழியே இல்லை.

நாக்கு என்ன ஆய்வுக்கூடமா? சுவைமொட்டுல இருக்கிற செல்லோட மேல்பரப்புல ஏற்பிகள் இருக்கு. இனிப்புக்கு ஒண்ணு, கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை. பொருந்துற மூலக்கூறு வந்து ஒட்டினா, செல்லுக்குள்ள கால்சியம் கூடும், செல் ஏடிபிங்கிற வேதிப்பொருளை வெளியே விடும். பக்கத்துல இருக்கிற நரம்பு அதைப் பிடிச்சு மூளைக்குச் சொல்லும். அவ்ளோதான். 2005-ல வந்த ஒரு ஆய்வுல, இந்த ஏடிபியை வாங்குற ஏற்பிகள் இல்லாத எலிகளுக்கு நாக்குல எந்தச் சுவைப் பொருளைத் தடவினாலும் அந்தச் சுவைக்குச் சுவை நரம்பு அசையவே இல்லை. சேதி போகலைன்னா சுவையும் இல்லை.

நம்பிக்கை இல்லைன்னா சிறுகுறிஞ்சான் இலையை மென்னுட்டு சர்க்கரையை வாயில போட்டுப் பாருங்க. மணல் மாதிரி இருக்கும். சர்க்கரை எங்கயும் போயிடலை. இலையில இருக்கிற ஜிம்னமிக் அமிலம் இனிப்பு ஏற்பியைப் பிடிச்சு வச்சிருக்கு, அதனால சேதி கிளம்பலை. சர்க்கரைக்கொல்லின்னு சும்மாவா பேர் வச்சாங்க!

மெத்தனால் கதை இதுக்கு நேர் எதிர். விஷம் வாயில இருக்கு, ஆனா "விஷம்"னு சேதி போகாது. எத்தனாலும் மெத்தனாலும் அண்ணன் தம்பி மாதிரி. வாசனை, எரிச்சல் எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். கொல்ற வேலை நடக்கிறது நாக்குல இல்லை, பல மணி நேரம் கழிச்சு கல்லீரல்ல. அங்கதான் மெத்தனால் ஃபார்மிக் அமிலமா மாறி கண் நரம்பைப் பிடிக்குது. அப்புறம் உயிரை. கல்லீரல்ல நாளைக்கு நடக்கப்போறதை நாக்கு இன்னிக்கே எப்படிச் சொல்லும்?

"அப்ப கள்ளச்சாராயம் குடிக்கலாங்கிறியா?"ன்னு பின்னூட்டம் போட வராதீங்க. குடிச்சது தப்பாவே இருக்கட்டும். ஆனா தப்புக்குத் தண்டனை சாவா? மெத்தனால் என்ன காட்டுல முளைக்குதா? அது ஆலைகளுக்கான கரைப்பான். எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது, இருப்பு எவ்வளவுன்னு பேரேட்டுல எழுதி, சரிபார்த்து, கையெழுத்துப் போடச் சம்பளம் வாங்குற ஆள் இருக்காங்க. அவங்க கண்ணுல படாதது, கூலிக்குப் போயிட்டு வந்தவன் நாக்குல மட்டும் பட்டிருக்கணுமாம்!

கணக்குல ஓட்டை விழுந்தா கணக்குப் பார்த்தவரைக் கேளுங்க. செத்தவனோட நாக்கைக் கூண்டுல ஏத்தாதீங்க.