ஓசிச் சோறும் கெட்ட பழக்கமும்

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கென்ன சார், அரிசி ஓசி. மிச்சமாகிற காசு நேரா டாஸ்மாக்குக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாயில் சோறு இருந்தது, பேசவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஓசியா? 2011 ஜூனிலிருந்து இந்த மாநிலத்தில் அரிசி அட்டைக்காரர் எல்லோருக்கும் விலையில்லாமல்தான் அரிசி. அவர் வீட்டு அட்டையும் அரிசி அட்டைதான். வாங்கி மாட்டுக்கு ஊறப்போடுகிறார். அவர் வாங்கினால் ரேஷன், சேரி வாங்கினால் ஓசி. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை என்கிறது. அலுவலகத் தாளில் அது 'பயனாளி' ஆகிவிடுகிறது. எங்கள் வங்கியிலும் பணம் வரவாகிற எவருக்கும் 'பெனிஃபிஷியரி' என்றுதான் பெயர். மில் முதலாளிக்கு ஒரு கோடி விழுந்தாலும் அவர் பெனிஃபிஷியரிதான். அவரை யாரும் மேடையேற்றிக் கும்பிட வைத்துப் போட்டோ எடுப்பதில்லை.

நாங்கள் வாங்கித் தின்றால் ஓசி. ஆக்கிப் போட்டால்? பள்ளி மதிய உணவுக்குச் சமைக்கத் தலித்துகளுக்கு முன்னுரிமை கொடு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. 2018இல் அவினாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாதென்று ஊரே திரண்டு நின்றது. தீட்டாம்.

குடிக்கு வருவோம். எங்க சித்தப்பா சாக்கடைக் குழியில் இறங்குகிறவர். இறங்கும் முன்னால் ஒரு குவார்ட்டர். "குடிக்காம அந்த நாத்தத்துல எவன்டா எறங்குவான்?" பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்கக் கூடாதென்று 2013லேயே சட்டம் வந்தாயிற்று. அதற்கப்புறமும் இறக்கினார்கள்.

ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். படிவத்தில் முதல் கேள்வி: 'கெட்ட பழக்கம் எத்தனை வருடமாக?' தொழில் என்ற இடத்தில் கேட்காமலேயே 'கூலி' என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் ராத்திரி கை நடுங்கி வலிப்பு வந்தது. "நடிக்கிறான்" என்றார் காவலுக்கு இருந்தவர். முற்றிய குடியை ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம் வரும். உயிரே போகலாம். மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டிய நோய் அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே 2013இல் தன் கையேட்டிலிருந்து பழிசுமத்துகிற பழைய சொல்லை எடுத்துவிட்டு 'மதுப் பயன்பாட்டுக் கோளாறு' என்று வைத்தது. நம்ம ஊரில் நோய் என்கிற சொல்லுக்கும் வசதி வேண்டியிருக்கிறது. கிளப்பில் குடிக்கிற அதிகாரி 'சோஷியல்'. பத்திரிகைக்காரன் கேலிக்கு வைத்த பெயர் 'மதுப்பிரியர்'. சித்தப்பா மட்டும் குடிகாரப்பய.

அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். மக்களின் ஊட்டத்தை உயர்த்து, மதுவை விலக்கு. இரண்டும் ஒரே பிரிவில் இருக்கின்றன. 2003லிருந்து இங்கே சில்லறைச் சரக்கையும் அரசேதான் விற்கிறது. தெருவின் இந்த முனையில் ஒரு வாணிபக் கழகத்தின் அரிசி, அந்த முனையில் இன்னொரு வாணிபக் கழகத்தின் பாட்டில். விற்கிறவனுக்கு 'வாணிபம்' என்று மரியாதையான பேர். கெட்ட பழக்கம் வாங்குகிறவனுக்கு மட்டும்.

சித்தப்பாவை இப்போது அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். "இது வியாதிதான்யா, மருந்து இருக்கு" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து, "வியாதின்னா சொல்லிச்சு அந்தம்மா?" என்று சித்தப்பா இரண்டு தரம் கேட்டார். சேர்க்கைத் தாளில் இங்கேயும் 'கூலி' என்றுதான் போட்டிருந்தது. அடித்துவிட்டு, சாக்கடைக் குழியில் இறக்கப்பட்டவர் என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.