சராசரி காலை வாரும்!

பள்ளிக்கூடத் தோழன் ஒருவன், ஒரு கம்பெனியில் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பவன், ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றான். "வேலை போயிடும் போலிருக்குடா" என்றான்.

விஷயம் இதுதான். பிராஞ்ச் ஆபீஸுக்கு எவ்வளவு பெரிய லைன் வாங்குவது என்று கேள்வி. வாங்கிவிட்டு விழிப்பதற்குப் பதில், கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் நெட்வொர்க் கட்டி, பொய் ஆசாமிகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கலாம். சிமுலேஷன் என்று பெயர். அதற்கென்றே என்எஸ்-3 என்ற சாஃப்ட்வேர் 2008-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஓட்டினான். 'பாதி லைன்கூட நிரம்பாது' என்றது. சின்ன லைனாக வாங்கி, சிக்கனக்காரன் என்று பெயரும் வாங்கினான்.

மாதக் கடைசி. கணக்கு முடிக்க மொத்த ஆபீஸும் ஒரே நேரத்தில் உட்கார, லைன் மூச்சடைத்துப் படுத்துவிட்டது. "உன் பொம்மை விளையாட்டுக்கு நான்தான் கிடைச்சேனா?" என்றாராம் மானேஜர்.

நான் வெறும் பி.காம். இருந்தாலும் கேட்டேன்: "உன் பொய் ஆசாமிங்க எப்படிடா வந்தாங்க?"

"டெலிபோன் கணக்குப்படி, சராசரியா!"

அங்கேதான் இடித்தது. ஒருவருக்குச் சராசரி ஒரு நிமிஷம் பிடிக்கும் கவுண்ட்டர் ஒன்று. ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொள்ளாமல், இஷ்டத்துக்கு வருகிறார்கள். கவுண்ட்டர் பாதி நேரம் பிஸி என்றால் சராசரியாக 1 நிமிஷம் நிற்க வேண்டும். 80 சதவிகிதம் என்றால் 4. 90 என்றால் 9. 95 என்றால் 19! தனித்தனியாக வந்தாலே இந்தக் கதி. கல்யாண கோஷ்டியாக வந்தால்?

டெலிபோன் கால்கள் தனித்தனியாக வரும் என்று கோபன்ஹேகனில் எர்லாங் 1909-ல் கணக்குப் போட்டார். டெலிபோனுக்கு அது பிரமாதமாகப் பொருந்தியது. கம்ப்யூட்டர் டேட்டா அப்படியில்லை என்று அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வாளர்கள் 1993-ல் அளந்து காட்டினார்கள். அது கும்பல் கும்பலாக வரும். நொடிக்கணக்கில் பார்த்தாலும் மேடு பள்ளம், மணிக்கணக்கில் பார்த்தாலும் மேடு பள்ளம். சராசரி எடுத்தால் சமதளமாகிவிடும் என்பது நம் ஆசை.

மறுநாள் தோழன் பொய் ஆசாமிகளைத் துரத்திவிட்டு, அந்த மாதக் கடைசியின் நிஜப் பதிவையே சிமுலேஷனில் ஊட்டினான். நிஜ லைன் படுத்த அதே பத்தரை மணிக்குப் பொய் லைனும் படுத்தது! பகலில் ஓடிய பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளி மறுபடி ஓட்டினான். எழுந்து உட்கார்ந்தது. மானேஜரிடம் இரண்டு படத்தையும் காட்டினான். வேலை பிழைத்தது. புது லைன் செலவும் மிச்சம்.

பொம்மை பொய் சொல்லவில்லை. நாம் ஊட்டியதைத்தான் கக்கியது.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும் ஸார். என் பாஸ்புக்கிலும் சராசரி பாலன்ஸ் அழகாகத்தான் இருக்கிறது. செக் திரும்புவது என்னவோ இருபத்தைந்தாம் தேதி!