கப்பல் ஏறும் பெரியவர்களுக்குக் காவல் யார்?

கடலில் போகும் மிளகாய் மூட்டைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அதே கடலில் போகும் நம் வீட்டுப் பெரியவருக்கு இருக்கிறதா?

இது வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாக எட்டயபுரம் போகும் சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விவரம் தெரிந்த ஏற்றுமதி வியாபாரி எவரும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் சரக்கைக் கப்பலில் ஏற்ற மாட்டார். நனைந்தால் என்ன, மூழ்கினால் என்ன, தீப்பிடித்தால் என்ன என்று எல்லாவற்றுக்கும் எழுத்து இருக்கும்.

இன்ஷூரன்ஸ் தொழிலே கடலோடு சேர்ந்து வளர்ந்ததுதான். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்டு லாயிடு என்பவர் ஒரு காப்பிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகளும் வியாபாரிகளும் அங்கே கூடினார்கள். கப்பல் மூழ்கினால் நஷ்டத்தை யார் யார் எவ்வளவு ஏற்பது என்று பேசி எழுதிக்கொண்டார்கள். உலகப் புகழ் பெற்ற லாயிட்ஸ் அந்தக் கடையில் முளைத்ததே.

சரக்குக்கு இவ்வளவு முன்யோசனை! பெற்ற தாய் தந்தையைக் கப்பலில் ஏற்றும்போது அதில் பாதியாவது நமக்கு இருக்கிறதா?

கரிசல் காட்டிலிருந்து கடலுக்கு

"மானம் பார்த்த பூமிக்காரனுக்குக் கப்பலில் என்ன வேலை?" என்று கேட்கலாம்.

கப்பல் நமக்குப் புதிது அல்ல. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் வ.உ.சி. 1926-ல் கட்டப்பட்ட 'ராஜூலா' என்ற கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் ஓடியது. அந்தக் காலத்தில் கப்பல் ஏறியவர்கள் பிழைப்புக்காக ஏறினார்கள்.

இப்போது உல்லாசத்துக்காக ஏறுகிறார்கள். 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அதே துறைமுகத்திலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2023 அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் தொடங்கியது.

இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், நம் பகுதிப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும், வளைகுடாவிலும், அமெரிக்காவிலும் வேலை பார்க்கிறார்கள். "அப்பா, அம்மா, நீங்கள் காட்டிலேயே உழைத்துக் களைத்துவிட்டீர்கள், ஒருமுறை கப்பலில் போய் வாருங்கள்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

நல்ல காரியம்தான். முழங்கால் வலிக்காரர் பஸ் ஏறி இறங்குவதைவிடக் கப்பலில் போவது சுகம். சாப்பாடு, படுக்கை, வேடிக்கை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெறுங்கையோடு போக வேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம்.

கப்பலில் டாக்டர் உண்டு. அப்புறம்?

"கப்பலிலேயே டாக்டர் இருப்பார், பயம் எதற்கு?" என்பார்கள்.

உண்மைதான். 2006-ம் ஆண்டின் சர்வதேசக் கப்பல் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் அவருடைய வைத்தியம் சர்க்கார் ஆஸ்பத்திரி வைத்தியம் போல இலவசம் அல்ல. சொகுசுக் கப்பல்களில் பார்த்ததற்கும், ஊசிக்கும், மருந்துக்கும் பயணியின் கணக்கில் பில் ஏறும். இறங்கும் முன் அதைக் கட்டவேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் பெரும்பாலும் முதலில் கைப்பணம் கட்டி, ஊர் திரும்பிய பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும்.

மேலும், கப்பலில் இருப்பது சிறிய வைத்திய அறை. மாரடைப்பு வந்தவருக்கு முதலுதவி செய்வார்கள். உயிரைப் பிடித்து வைப்பார்கள். பிறகு அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். மொழி தெரியாத ஊர். முன்பணம் கேட்கும் ஆஸ்பத்திரி. கூடப் போன அம்மா கையில் துணிப் பை ஒன்று. கப்பல் தன் வழியே போய்விடும். அவசர நிலை என்றால் ஹெலிகாப்டரையோ ஆம்புலன்ஸ் விமானத்தையோ கூப்பிட வேண்டும். அந்தச் செலவு லட்சக்கணக்கில் போகும். அதற்குக் காட்டை விற்கத்தான் வேண்டும்.

கப்பலில் நோய் எப்படிப் பரவும் என்பதை 2020 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. 'டயமண்டு பிரின்சஸ்' என்ற கப்பல் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. அதில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 700-க்கும் மேற்பட்டவர்களைக் கொரோனா பிடித்தது. பயணிகளில் பெரும் பகுதியினர் வயதானவர்கள்.

கையிலுள்ள அட்டை செல்லுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய துணை. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை உண்டு என்று 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், இவை அந்தத் திட்டங்களில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டுமே செல்லும். நடுக்கடலில் செல்லாது; வெளிநாட்டிலும் செல்லாது.

சொந்தப் பணத்தில் எடுத்த மெடிக்கிளெய்ம் பாலிசி? அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். இந்தியக் கரையோரமாகவே கப்பல் போனாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாலிசியில் 'ஆஸ்பத்திரி' என்றால் என்ன என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அல்லது, 10 லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள ஊரில் 10 படுக்கையும் மற்ற இடங்களில் 15 படுக்கையும், இரவு பகல் நர்சும் டாக்டரும், ஆபரேஷன் அறையும் இருக்கவேண்டும். கப்பலின் வைத்திய அறையை இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடக்க முடியாது.

பணக்கார நாட்டுக்காரர்களுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் முதியோருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸ் 'மெடிக்கேர்'. கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தூரம் போய்விட்டால் அது பணம் தராது. பிரிட்டன் தன் மக்களுக்குத் தரும் வெளிநாட்டு வைத்திய அட்டையும் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு உதவாது என்று அந்நாட்டு சர்க்காரே எச்சரித்திருக்கிறது.

ஆகவே, பயணத்துக்கென்று தனியாக இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும்.

மறைத்த சர்க்கரை

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிக்கெட் கடையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

"ஐயாவுக்குச் சர்க்கரை, கொதிப்பு ஏதாச்சும் இருக்கா?"

"இல்லைன்னே போடுங்கண்ணே. இருக்குன்னு சொன்னா பணம் கூடுமாமே?"

சில நூறு ரூபாயோ சில ஆயிரமோ மிச்சம். ஆனால், அந்த 'இல்லை' ஒரு பொய். இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் நம்பிக்கையின் மேல் நிற்பது. இருக்கும் நோயை மறைத்தால், கம்பெனி பணம் தர மறுக்கலாம். பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது வெளிநாட்டு டாக்டரின் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் தப்பு இது என்றால், கம்பெனிகளின் தப்பு இன்னும் பெரியது.

வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் இல்லை. உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள், உண்டு என்று எழுதியிருக்கிறது. எங்கே? பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய ஆங்கில எழுத்தில்! அறுபதைத் தாண்டியவருக்குப் பழைய நோயே இருக்கக்கூடாது என்பது, கிழவருக்கு நரையே இருக்கக்கூடாது என்பதைப் போன்றது. வயதானவருக்கு வரக்கூடிய நோயையெல்லாம் விலக்கிவிட்டு, வயதானவருக்கு இன்ஷூரன்ஸ் விற்பது என்ன நியாயம்?

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. "வயதானவர்களுக்கு நோய் அதிகம் வரும். எல்லாவற்றையும் ஏற்றால் எல்லோருக்கும் பிரீமியம் கூடும்" என்கிறார்கள். அதை மறுக்க முடியாது. அதிக ஆபத்துக்கு அதிக விலை கேட்கட்டும். ஆனால், விலை சொல்லும் அதே வாயால் விஷயத்தையும் சொல்லட்டும். இதற்குப் பணம் உண்டு, இதற்கு இல்லை என்று தமிழில், பெரிய எழுத்தில் சொல்லட்டும்.

செய்ய முடியாத காரியமா?

சர்க்கார் மனம் வைத்தால் முடியும். சான்றுகள் இருக்கின்றன.

குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' கட்டாயம். 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்சுக்கு இரண்டு வருஷ பிரீமியம் 275 ரூபாய். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றுலா விசா வேண்டுமானால் 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் காட்டவேண்டும். நம் ரெயில்வேயில் இணையவழி டிக்கெட் எடுத்தால், 45 பைசாவுக்கு விபத்து இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்காமல் விடுவதில்லை.

45 பைசா விஷயத்தில் கேட்கும் கேள்வியை, கப்பல் டிக்கெட் விற்கும்போது ஏன் கேட்கக்கூடாது?

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பாலிசியை எல்லா மருத்துவ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் விற்க வைத்தது. 2024 ஏப்ரல் முதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மருத்துவ இன்ஷூரன்சைத் திறந்துவிட்டது. இவற்றின் அடுத்த படியாக மூன்று காரியங்கள் நடக்கவேண்டும்.

ஒன்று: அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு வெளிநாட்டுக் கப்பல் டிக்கெட் விற்பவர், மருத்துவ இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கவேண்டும்.

இரண்டு: பழைய நோய்க்கு எவ்வளவு, கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எவ்வளவு, இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவர எவ்வளவு என்ற மூன்று தொகைகளும் பாலிசியின் முதல் பக்கத்தில் தமிழில் இருக்கவேண்டும்.

மூன்று: முதியோர் பயணத்துக்கென்று ஒரே வாசகமுள்ள பாலிசி ஒன்றை எல்லாக் கம்பெனிகளும் விற்கவேண்டும். சர்க்கரையும் கொதிப்பும் அதில் அடங்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

சட்டம் வரும் வரை கப்பல் காத்திருக்காது. பிள்ளைகள் சில விஷயங்களைக் கவனிக்கட்டும்.

இந்தியாவை விட்டுப் புறப்படும் முன்பே பாலிசி எடுங்கள். புறப்பட்ட பிறகு எடுப்பது கடினம். இருக்கும் நோய்கள், செய்துகொண்ட ஆபரேஷன், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். பாலிசியின் சாரத்தைச் சொல்லும் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். மருத்துவப் பாலிசிதாரர் விரும்பினால் அவருடைய மொழியில் அதைத் தரவேண்டும் என்று ஆணையமே சொல்லியிருக்கிறது.

குடும்ப டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப் பையில் வையுங்கள். கம்பெனியின் அவசர டெலிபோன் எண்ணை அப்பாவின் சட்டைப் பையிலும் அம்மாவின் பர்சிலும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனே அந்த எண்ணுக்குச் சொல்லவேண்டும். பில்களை ஒன்று விடாமல் சேர்த்து வைக்கவேண்டும்.

நியாயமான பணத்தைக் கம்பெனி மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்ச ரூபாய் வரை உள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆணையத்தின் 155255 என்ற எண்ணுக்கும் இலவசமாகப் பேசலாம்.

டிக்கெட் வாங்கப் போகிறவர்கள், கப்பலில் எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் இதைக் கேளுங்கள்: "எங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. கப்பலில் மயங்கி விழுந்தா யார் பணம் கட்டுறது?"

இதற்கு நேரான பதில் சொல்லாத கடையில் டிக்கெட் வாங்காதீர்கள்.