அழிப்பானைக் கீழே வையுங்கள்

பெற்றோர்களே, பிள்ளை வரைந்த படத்தில் கை வைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

ஈப்போவானாலும் சுங்கை சிப்புட்டானாலும் பீடோர் பக்கத்துத் தாமானானாலும், பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் வரைகிறார்கள், அண்ணனின் டேப்லட்டைப் பிடுங்கி வரைகிறார்கள். மனத்துக்குப் பிடித்த கதாபாத்திரத்தைத் தன் கையால் வரைந்து பார்ப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபேன் ஆர்ட். வெட்டி வேலை என்று திட்டுகிறவர்களிடம் இன்று நான் பேசப்போவதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்போடு, படத்தைத் "திருத்தி"க் கொடுக்கிறீர்களே, உங்களோடுதான் எனக்கு வழக்கு.

புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் வரைதல் போட்டி. ஒரு சிறுமி டோஃப் பேஃபோங்கை வரைந்திருந்தாள். 2005 முதல் 2008 வரை வந்த "அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்" தொடரின் இரண்டாம் பருவத்தில் அறிமுகமாகும் பெண் அவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வெறுங்கால் வழியாக மண்ணின் அதிர்வை உணர்ந்து, எதிரில் யார் நிற்கிறார், எங்கே நகர்கிறார் என்று கண்டுகொள்வாள். பாறையைத் தூக்கி வீசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிறுமி கண்ணுக்கு வெளிறிய பச்சையைத் தேய்த்திருந்தாள். பாதத்தின் ஐந்து விரலையும் தனித்தனியாக, மண்ணில் அழுந்தி நிற்கும்படி வரைந்திருந்தாள். நல்ல கை.

அம்மா வந்தார். "கண்ணு ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்கு? கருமணி போடு. காலுக்கு ஒரு செருப்புப் போட்டு விடு, பாவம்."

"அவளுக்குக் கண்ணு தெரியாதும்மா. காலாலதான் பார்ப்பா."

"கோயில்ல வச்சு இதையெல்லாமா வரைவாங்க? மாத்து."

மாற்றினாள். அதற்குப் பிறகு பின்னணிக்கு வண்ணம் தீட்டவே இல்லை; தாளைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டோஃபின் பார்வை இருப்பதே பாதத்தில்தான். செருப்பை மாட்டிய அந்த நொடியில்தான் அவளுக்கு உலகம் இருண்டுபோகும். மகளுக்கு இது தெரிந்திருந்தது. கதையை அவள் கவனித்துப் பார்த்திருந்தாள். நீங்கள் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் டோஃபின் பெற்றோரும் உங்கள் கண்ணில் பட்டிருப்பார்கள். ஊரறிந்த பணக்காரக் குடும்பம். ஆனால் அவர்களுக்கு ஒரு மகள் இருப்பது ஊருக்கே தெரியாது. கண் தெரியாதவள், பலவீனமானவள் என்று வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள். மல்யுத்த மேடையில் பெரிய பெரிய வீரர்களை அவள் சாய்ப்பதை அப்பா தன் கண்ணாலேயே பார்க்கிறார். பார்த்துவிட்டு என்ன முடிவெடுக்கிறார் தெரியுமா? இவளுக்கு இவ்வளவு நாள் சுதந்திரம் அதிகமாகிவிட்டது, இனி இரவும் பகலும் காவல் என்கிறார். அதன் பிறகு அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பிள்ளைகள் இந்தக் கதையை ரசிப்பது சண்டைக்காக மட்டும் என்றா நினைக்கிறீர்கள்?

நாம் முன்பு வாழ்ந்த தோட்டத்து லயத்தில் இப்படி எதையும் மறைக்க முடியாது. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நடக்க முடியாத பிள்ளையும் கோயில் திடலில், பால் கொட்டகைத் திண்ணையில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கும். அதன் குறையையே அதற்குப் பெயராக வைத்துக் கூப்பிட்ட கொடுமையும் அங்கே இருந்தது. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பிள்ளை ஊருக்குள் ஓர் ஆளாக இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகு, நம்மிடம் கம்பிக் கதவும் திரைச்சீலையும் சேர்ந்துகொண்டன. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கோயிலுக்குக் குடும்பமே கிளம்புகிறது. ஒரு பிள்ளையும் ஒரு பாட்டியும் மட்டும் வீட்டில். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 2008இலேயே வந்துவிட்டது. மாற்றுத்திறனாளி என்பதைக் காட்டும் ஓகேயூ அட்டைக்குப் பதிந்தால் வெளியே தெரிந்துவிடும், அக்காவின் கல்யாணம் நின்றுவிடும் என்று அஞ்சி, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை வேண்டாமென்று விட்ட வீடுகள் இன்றைக்கும் நம்மிடையே உண்டு. வீட்டில் இதைப் பார்த்து வளரும் பிள்ளைதான் படத்தில் குறையை மறைக்க மறுக்கிறது.

"ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்" எட்வர்ட் எல்ரிக்கை உங்கள் மகனும் வரைந்திருப்பான். ஹிரோமு அராகாவா படைத்த பையன். இறந்த தாயை உயிர்ப்பிக்கப் போய் இடது காலை இழக்கிறான். தம்பியின் உயிரை மீட்க வலது கையைக் கொடுக்கிறான். அவன் அணிந்திருக்கும் இரும்புக் கையும் காலும் சும்மா ஜொலிப்பதற்காக இல்லை. பொருத்தும்போது வலிக்கிறது, உடைகிறது, சரிசெய்ய ஆள் தேவைப்படுகிறது. ஒரு பையன் அந்தக் கையின் திருகாணிகளை ஒவ்வொன்றாக வரைகிறான் என்றால், இழந்த பிறகும் ஒருவன் எப்படி நடமாடுகிறான் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள்.

அதே வீட்டு வரவேற்பறையில் தாத்தா இருப்பார். இளமையெல்லாம் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் முற்றி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விருந்தாளி வந்தால் கைலியை இழுத்து அந்த இடத்தை மூடச் சொல்வோம். மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு சொன்னது. நம் இனத்தில் விகிதம் அதைவிடக் கூடுதல். ஆகவே கால் இழந்த தாத்தா ஒரு வீட்டுக் கதை இல்லை. பேரன் போய், "தாத்தா, உங்களுக்கும் எட்வர்ட் மாதிரி கால் போடலாமா?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டுகிறீர்கள். ஏன் அதட்ட வேண்டும்? தாத்தாவிடம் அந்தக் காலைப் பற்றிப் பேச வந்த முதல் ஆள் அவனாக இருக்கலாம்.

நீங்கள் கொடுத்த கதைகளையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ராமனைக் காட்டுக்கு அனுப்பக் கூனி. தொலைக்காட்சிப் பாரதத்தில் சூதாடிக் கெடுக்க, காலை இழுத்து நடக்கும் சகுனி. உடம்பில் கோணல் இருந்தால் மனத்திலும் கோணல் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். வில்லன் என்றால் முகத்தில் தழும்பு என்ற பழக்கம் வெளிநாட்டுப் படங்களிலும் ஊறிப்போய், 2018இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், முகத் தழும்பை வைத்துக் கெட்டவனை அடையாளம் காட்டும் படங்களுக்கு இனிப் பணம் தருவதில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. தமிழில் மாற்றும் உண்டு. 2003இல் வந்த "அன்பே சிவம்" நல்லசிவத்தைத் தழும்பும் தடித்த கண்ணாடியும் இல்லாமல் யாராவது வரைவார்களா? வரைந்தால் அது நல்லசிவமா? 2007இன் "மொழி" அர்ச்சனாவுக்குக் கடைசிக் காட்சியில் காது கேட்டுவிடவில்லை. அதனால்தான் அந்தப் படம் நிற்கிறது. இதையெல்லாம் ரசித்த நாம்தான் பிள்ளையின் தாளைப் பிடுங்கிக் கருமணி வைக்கிறோம்.

"எ சைலன்ட் வாய்ஸ்" கதையை எழுதி வரைந்த யோஷிதோகி ஓய்மாவின் தாய் சைகைமொழி பெயர்ப்பாளர். 2016இல் படமாகவும் வந்த அந்தக் கதையில், காது கேளாத ஷோகோவின் செவிக்கருவிகளை வகுப்புப் பையன் திரும்பத் திரும்பப் பிடுங்கி எறிகிறான். அழகாக இருக்கட்டும் என்று அந்தக் கருவியை அழித்துவிட்டுக் காதை முடியால் மூடி வரையச் சொல்கிறவர், கதையில் அந்தப் பையன் செய்ததையே செய்கிறார். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

பிள்ளையே விரும்பி மாற்றினால்? அது வேறு. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு சிறுமி, தனக்குப் பிடித்த நாயகனையும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வரைவாள். "அவன் நல்லாத்தானே இருக்கான், ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்காதீர்கள். அவள் வரைந்த அந்த நாயகனும் நல்லாத்தான் இருக்கிறான். இன்னொரு பிள்ளை டோஃபுக்குக் கண் தெரிவதாக வரைந்தால் ஏன் என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள், அழிப்பானைத் தேடாதீர்கள்.

கோப்பெங் பக்கத்தில் 1951இல் பிறந்த நம் பேராக்காரர், கேலிச்சித்திரக் கலைஞர் லாட், தன்னையே பரட்டைத் தலையும் பெரிய மூக்குமாக வரைந்தவர். ஈப்போவில் கண்டவர்களையும் அவரவர் உருவத்தில்தான் வரைந்தார். நாடே அவரைக் கொண்டாடுகிறது.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரைதல் போட்டிக்கு "எனக்குப் பிடித்த கதாபாத்திரம்" என்று தலைப்பு வையுங்கள். கால் இல்லை, கண் சரியில்லை என்று மதிப்பெண் குறைக்கக் கூடாதென நடுவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போட்டி மேல்மாடியில் வேண்டாம், கீழ்த்தளத்தில் நடக்கட்டும். சக்கர நாற்காலி உள்ளே போகும் உயரத்தில் இரண்டு மேசை போடுங்கள். உங்கள் தெருவில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருந்தால், அழைப்புக் கடிதத்தை அந்த வீட்டுக்கு நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.