மரமா, மின்சாரமா?

இசை உலகில் ஒரு போட்டி

ஆறடி உயரம்! பெரிய மரக்கூடு. தடித்த நான்கு தந்திகள். இதுதான் "டபுள் பேஸ்" என்ற மேல்நாட்டு வாத்தியம். வயலின் குடும்பத்தில் மிகவும் பெரியது இதுதான்.

இதை மடியில் வைத்து வாசிக்க முடியாது. வாசிப்பவர் நின்றுகொண்டோ, உயரமான முக்காலியில் சாய்ந்துகொண்டோ, வாத்தியத்தை அணைத்துப் பிடித்து வாசிக்க வேண்டும்.

நமது திரைப்படப் பாடல்களிலும் இதன் ஒலி கலந்திருக்கிறது. பாட்டுக்கு அடியில் "தும், தும்" என்று கனத்த குரலில் கேட்குமே, அந்த வேலையைச் செய்யும் வாத்தியம் இது.

இந்த வாத்தியத்துக்கு இப்போது ஒரு போட்டி இருக்கிறது. அதன் பெயர் மின்சார டபுள் பேஸ். கழுத்து அதே கழுத்து. தந்திகளின் நீளமும் ஏறக்குறைய அதே 42 அங்குலம். ஆனால் பெரிய மரக்கூடு மட்டும் இல்லை! அந்த இடத்தில் ஒல்லியான ஒரு கட்டைதான் இருக்கிறது.

வாத்தியக்காரர்கள் எதை வாங்குவது? பழையதையா, புதியதையா? அவர்களுடைய பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி இது.

ஒலி எப்படி வருகிறது?

மர வாத்தியத்தில் தந்தியை மீட்டினால், அந்த அதிர்வு குதிரை வழியாக மேல் பலகைக்குப் போகிறது. பலகை அதிர்கிறது. கூட்டுக்குள் இருக்கும் காற்றும் அதிர்கிறது. ஒலி சபை முழுவதும் கேட்கிறது.

கூட்டுக்குள் மேல் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு சிறு மரக்குச்சி நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "ஆத்மா"! அந்தக் குச்சி சற்று நகர்ந்தாலும் வாத்தியத்தின் குரல் மாறிவிடும்.

மிகக் கனத்த தந்தி ஒரு விநாடிக்கு சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கிளப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அதனால்தான் இத்தனை பெரிய கூடு!

மின்சார வாத்தியத்தில் கூட்டுக்கு வேலை இல்லை. குதிரையின் அருகே ஒரு சிறு கருவி இருக்கிறது. அழுத்தினால் மின்சாரம் கொடுக்கும் படிகத் துண்டு அதற்குள் இருக்கும். தந்தியின் அதிர்வை அது மின்சாரமாக மாற்றுகிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கிச் சபைக்குக் கொடுக்கிறது.

தொல்லை எங்கே தொடங்கியது?

டிரம்பெட்டும் மேளமும் முழங்கும் கோஷ்டியில் டபுள் பேஸின் ஒலி அமுங்கிவிடும். விரல் தேய வாசித்தாலும் பின்வரிசைக்குக் கேட்காது. இதற்கு வழி காண 1930களிலேயே அமெரிக்காவில் மின்சார டபுள் பேஸ் செய்து பார்த்தார்கள்.

1940களில் எவரெட் ஹல் என்பவர் வேறொரு வழி கண்டார். வாத்தியத்தைத் தாங்கும் அடிக்கம்பியில் மைக்கைப் பொருத்தி, அதைக் கூட்டுக்குள்ளேயே வைத்தார். இப்படிப் பிறந்ததுதான் "ஆம்பெக்" கம்பெனி.

ஆனால் மரக்கூட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு தொல்லை உண்டு. ஒலிபெருக்கியின் சத்தம் திரும்பக் கூட்டுக்குள் நுழைந்து அதை அதிரச் செய்யும். அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். முடிவில் "ஊ..." என்று ஊளைதான்! கூடு இல்லாத வாத்தியத்தில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

1951ல் லியோ பெண்டர் "பிரிசிஷன் பேஸ்" என்ற மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம், காரில் போட்டுக்கொண்டு போகலாம். எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளுக்கு டபுள் பேஸ் வாசித்துவந்த பில் பிளாக், 1957ல் இந்தக் கிதாரையும் கையில் எடுத்தார். ராக் இசைக் கோஷ்டிகளில் பெரிய மரக்கூடு மெல்ல மெல்ல மறைந்தது.

1962ல் ஆம்பெக் கம்பெனி "பேபி பேஸ்" என்ற மின்சார டபுள் பேஸை வெளியிட்டது. பிளாஸ்டிக் உடல், செல்லோ அளவு. நியூயார்க்கில் சல்சா இசை வாசித்தவர்கள் இதை மிகவும் விரும்பினார்கள். அதன் "டொப்" என்ற ஒலி அந்த இசைக்கே அடையாளமாகிவிட்டது.

விமானத்தில் ஏறுமா?

இன்று வாத்தியக்காரருக்குப் பெரிய கவலை பிரயாணம்தான்.

2012ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 150 அங்குலத்துக்கும், எடை 165 பவுண்டுக்கும் மேற்படாத வாத்தியத்தை விமானத்தின் சரக்கு அறையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் விமானத்தில் அதற்கு வசதி இருக்க வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். பெட்டியோடு போகும் மர வாத்தியம் வழியில் அடிபட்டால் பலகை வெடித்துவிடும். வறண்ட காற்று பட்டாலும் வெடிக்கும்.

இதனால் பலர் வாத்தியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, போகிற ஊரில் வாடகைக்கு எடுக்கிறார்கள். பழகாத வாத்தியத்தில் அன்றிரவே கச்சேரி! எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

மின்சார வாத்தியத்தின் பெட்டி சிறியது. உடைவதற்குக் கூடும் இல்லை. பக்கத்து வீட்டாரை எழுப்பாமல், காதில் மாட்டும் கருவியோடு இரவிலும் சாதகம் செய்யலாம்.

நகலா, தனிக் குரலா?

"மின்சார வாத்தியம் வெறும் நகல்" என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த எபர்ஹார்ட் வெபர் அப்படி நினைக்கவில்லை. ஐந்து தந்தி கொண்ட மின்சார டபுள் பேஸில், பாடுவது போல நீண்டு ஒலிக்கும் ஒரு தனிக் குரலை அவர் உண்டாக்கினார். ஒரு சுரம் கேட்டாலே அவர் என்று ரசிகர்கள் கண்டுகொள்வார்கள்.

2007ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வாசிப்பது நின்றது. ஆனாலும் அவர் ஓயவில்லை. முன்பு கச்சேரிகளில் தனியாக வாசித்துப் பதிவாகியிருந்த பகுதிகளை எடுத்தார். அவற்றோடு புதிய இசையைச் சேர்த்து, 2012ல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்!

எது ஜெயிக்கும்?

சிம்பனி கோஷ்டியில் மர வாத்தியத்துக்கு அழிவில்லை. பெரிய கோஷ்டியில் எட்டுப் பேர் சேர்ந்து வில் போட்டு வாசிக்கிறார்கள். அங்கே ஒலிபெருக்கி கிடையாது. மரக்கூட்டிலிருந்து எழும் ஒலி மற்ற வாத்தியங்களோடு காற்றிலேயே கலக்க வேண்டும். ஜாஸ் இசையிலும் மரத்தின் குரலை விரும்புகிறவர்களே அதிகம்.

சுற்றுப்பயணம் போகிறவருக்கும், சத்தம் மிகுந்த மேடையில் வாசிப்பவருக்கும், சிறிய வீட்டில் இருப்பவருக்கும் மின்சார வாத்தியம் கை கொடுக்கிறது. தந்தியின் நீளம் ஒன்றாக இருப்பதால், ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றிலும் இடம் தவறாது. ஆகையால் வசதியுள்ளவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டுமே வாங்க முடிந்த இளைஞர்தான் யோசிக்க வேண்டும். சிம்பனியில் சேர நினைத்தால் அவருக்கு மர வாத்தியம் வேண்டும். கூட்டை அதிரவைத்து நல்ல ஒலி எழுப்பும் பழக்கம் அதில்தான் வரும். ஊர் ஊராகப் போய் மேடைகளில் பிழைக்க நினைத்தால் மின்சார வாத்தியமே சுமையைக் குறைக்கும்.

மின்சாரம் நின்றால் புதிய வாத்தியம் ஊமை. விமானத்தில் ஏற முடியாவிட்டால் பழைய வாத்தியமும் அந்த ஊருக்கு ஊமைதான். எங்கே, யாருக்காக வாசிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்குப் பணம் வீணாகாது.