விளக்கைச் சுற்றி ஏன் அந்த வெள்ளைக் கட்டம்?

தீபாவளி நெருங்கினால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வாட்சாப் குழுக்களில் வாழ்த்துப் படங்கள் குவியும். மாணவர்கள் செய்யும் படங்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படும்: குத்துவிளக்கைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம். "வேற ஆப் போட்டுப் பாரு" என்பதுதான் உடனே கிடைக்கும் ஆலோசனை. கட்டம் ஏன் வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

சேமித்த படம் எப்போதும் செவ்வகம்தான். அப்படியே திரையில் வைத்தால் அடியில் இருப்பது அழியும். அழியாமல் சேர்க்கும் பழைய வழி, ஐந்தாம் படிவக் கணினி அறிவியலில் 'கெட் லோஜிக்' என்று நாம் மனப்பாடம் செய்யும் அட்டவணையில் இருக்கிறது. அதுதான் எக்ஸ்-ஓர்.

தாளில் போட்டுப் பாருங்கள். திரையில் 1010, படத்தில் 0110. இரண்டும் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0. வருவது 1100. படத்தில் 0 இருந்த இடங்களில் திரை மாறவே இல்லை. அதன்மேல் அதே 0110-ஐ மீண்டும் போடுங்கள்: 1010! பழைய திரை திரும்பிவிட்டது. பின்புலத்தைத் தனியே சேமிக்காமலே படத்தை நகர்த்தலாம். நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் இது பெரிய வரம். கியூபேசிக் மொழியின் 'புட்' கட்டளை, நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால் இதைத்தான் செய்யும். இந்த உத்தியால் திரைச்சுட்டி வரைவதற்கு 1980இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். நாமோ அட்டவணையோடு நின்றுவிடுகிறோம்.

ஆனால் எக்ஸ்-ஓரில் நிறம் கெட்டுவிடும். 1984இல் லூகாஸ்பிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும், ஒவ்வொரு புள்ளிக்கும் அது எவ்வளவு மறைக்கும் என்ற எண்ணையும் வைத்துப் படங்களைச் சேர்க்கும் கணக்கை வகுத்து வெளியிட்டனர். படம் 100, திரை 200, மறைப்பு 30 விழுக்காடு என்றால் 30-உம் 140-உம் சேர்ந்து 170. விளக்கைச் சுற்றி மறைப்பு 0 என்று வைத்தால் வெள்ளைக் கட்டம் போய்விடும்.

இதைத் திரையில் காட்டாமல் அட்டவணையை மட்டும் ஒப்பிக்க வைப்பது, என் பார்வையில், பாடத்தைக் கொல்வது. வறண்ட பாடம் என்று நம் மாணவர்கள் ஒதுங்குவதில் என்ன வியப்பு? உப்பின் இப்பினை உருவாக்கும் நிறுவனம் கிள்ளானுக்குப் பக்கத்தில், ஷா ஆலாமில்தான் இருக்கிறது. அத்துறைக்குள் பொத்தானை அழுத்த மட்டும் தெரிந்தவர்களாகவா நுழைய வேண்டும்?

ஆசிரியர் காட்டும்வரை காத்திருக்க வேண்டாம். பைத்தானில் இருபது வரி போதும். அடுத்த வாழ்த்துப் படத்தின் விளக்கை அதிலேயே ஒட்டிப் பாருங்கள்.